மிஞ்சாத படமும் மறையாத மனிதரும்

ஒரு கவிஞர் மறைந்தாலும் அவர் பாடல்கள் நிற்கும். ஒரு சிற்பி மறைந்தாலும் அவர் செதுக்கிய கல் நிற்கும். ஆனால், ஒரு மனிதர் தம் பொருளையும் உழைப்பையும் கொட்டி உருவாக்கியவற்றில் ஓர் அடி நீளம்கூட மிஞ்சாமல் போய்விட்டால், அவரை நாம் எதைக் கொண்டு நினைப்பது? தமிழ்த் திரைப்படத்தின் தந்தை என்று போற்றப்படும் ஆர். நடராஜ முதலியாரைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நம் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களுக்கு எம்.ஜி.ஆரைத் தெரியும், நடிகர் திலகத்தைத் தெரியும், ரஜினி, கமல் படங்களின் வசனங்கள் மனப்பாடம். ஆனால், இவர்கள் அனைவருக்கும் வழி வெட்டிய மனிதரின் பெயரைச் சொன்னால் பலர் புருவத்தை உயர்த்துவார்கள். அதில் வியப்பில்லை. அவர் எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. அவருடைய முதல் படத்தைப் பார்த்த எவரும் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை.

அப்படியிருக்க, பினாங்கில் பிறந்து வளர்ந்த நான் ஏன் அவரைப் பற்றி எழுத வேண்டும்? அந்த முதல் படம் மலாயாவுக்கும் வந்தது என்பதே காரணம். நம் கொள்ளுப்பாட்டனார் காலத்து மக்களையும் தம் பார்வையாளராக ஏற்ற ஒருவரின் வாழ்க்கை, நம்முடைய வரலாற்றிலும் ஒரு பகுதிதான்.

வேலூரிலிருந்து சென்னைக்கு

நடராஜ முதலியார் 1885-ஆம் ஆண்டு வேலூரில், வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையிலேயே தொழில் செய்யும் ஆர்வத்தோடு சென்னைக்கு வந்தார். தம் உறவினரான எஸ். எம். தர்மலிங்க முதலியாரோடு சேர்ந்து வாட்சன் அண்ட் கம்பெனி என்ற பெயரில் மிதிவண்டி வணிகத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் ஒரு மிதிவண்டியின் விலை 25 ரூபாய். மிதிவண்டியில் செல்பவரை ஊரே நின்று பார்த்த காலம் அது.

மிதிவண்டியோடு அவர் நின்றுவிடவில்லை. 1911-ஆம் ஆண்டு வாக்கில் ரோமர் டான் என்ற நிறுவனத்தை எடுத்து நடத்தத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வந்த மகிழுந்துகளையும் அவற்றின் உதிரிப் பாகங்களையும் விற்பது அதன் தொழில். ஒரு மகிழுந்தின் விலை 1,000 ரூபாய். வெள்ளையர்கள் கையிலிருந்த அந்த வணிகத்தில் ஓர் இந்தியர் இறங்கியது பெரிய செய்தியாக இருந்திருக்கும்.

இவற்றை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நடராஜ முதலியார் கலைக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். நாடக மேடையில் வளர்ந்தவரும் அல்லர். புதிய இயந்திரம் எதைக் கண்டாலும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இயக்கிப் பார்க்க வேண்டும், நம் மக்களுக்கும் கொண்டு வர வேண்டும் என்று துடித்த வணிகர். மிதிவண்டி, மகிழுந்து, புகைப்படக் கருவி என்று சென்ற அந்த ஆர்வம் கடைசியில் திரைப்படக் கருவியில் வந்து நின்றது.

கூடாரத்தில் ஓடிய படங்கள்

அன்றைய நிலையையும் சற்று அறிந்துகொள்வது நல்லது. 1905-ஆம் ஆண்டில், திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். புகைப்படக் கலைஞரான ரகுபதி வெங்கய்யா சென்னையில் படம் காட்டியதோடு, கருவிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்றுவந்தார். ஆனால், இவர்கள் காட்டியவை பெரும்பாலும் மேல்நாட்டுப் படங்கள்.

அந்த மேல்நாட்டுப் படங்களில் மக்களைக் கட்டிப்போட்டவை அமெரிக்க வீரசாகசத் தொடர்படங்கள். ஒரு வாரம் கதாநாயகி மலையுச்சியில் தொங்குவாள். அவள் பிழைத்தாளா என்று அறிய அடுத்த வாரம் மீண்டும் சீட்டு வாங்க வேண்டும். 1913-இல் வெளிவரத் தொடங்கிய ‘கேத்லினின் சாகசங்கள்’ என்ற அமெரிக்கத் தொடர்படம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. 13 பகுதிகள் கொண்ட அந்தப் படத்தின் கதை நடப்பது இந்தியாவில்! அமெரிக்காவில் இருந்துகொண்டே புலியையும் யானையையும் அரசர்களையும் வைத்து ஒரு கற்பனை இந்தியாவை உருவாக்கிவிட்டார்கள். அந்தப் படத்தின் பெரும்பகுதியும் இன்று தொலைந்துவிட்டது என்பது வேறு கதை.

பிறர் நம்மைப் பற்றிப் படம் எடுத்தார்கள். நாம் காசு கொடுத்துப் பார்த்தோம். இந்த நிலையை முதலில் மாற்றியவர் மராட்டியரான தாதாசாகேப் பால்கே. 1913-இல் அவர் எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது. பால்கேயின் படங்களைப் பார்த்த நடராஜ முதலியாருக்குப் பொறி தட்டியது. பம்பாயில் முடிந்தது சென்னையில் ஏன் முடியாது?

கற்றுக்கொண்ட பின்பே களம் இறங்கினார்

ஆர்வம் வந்தவுடன் அவர் அவசரப்படவில்லை. முதலில் தொழிலைக் கற்றுக்கொள்ளப் புனே நகருக்குச் சென்றார். அங்கே ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் இருந்தார். கர்சன் பிரபுவைப் பற்றிய ஆவணப் படத்தில் பணியாற்றியவர் அவர். கைப்பிடியைச் சீராகச் சுற்றுவது எப்படி, வெளிச்சத்தை அளப்பது எப்படி, எடுத்த படச்சுருளைக் கழுவுவது எப்படி என்ற அடிப்படைகளையெல்லாம் முதலியார் அவரிடம் பயின்றார். முப்பது வயதை நெருங்கிய, நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரு முதலாளி மீண்டும் மாணவரானார்! தேர்வுக்குத் தேர்வு புலம்பும் நாம் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு, தஞ்சாவூரைச் சேர்ந்த மூப்பனார் என்ற பெருநிலக்கிழாரிடமிருந்து 35 மில்லிமீட்டர் வில்லியம்சன் ஒளிப்பதிவுக் கருவியையும், படி எடுக்கும் இயந்திரத்தையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். தம் வணிக நண்பர்களின் முதலீட்டோடு இந்தியா பிலிம் கம்பெனியைத் தொடங்கினார். தென்னிந்தியாவின் முதல் படத் தயாரிப்பு நிறுவனம் அதுவே எனலாம். சென்னை புரசைவாக்கத்தில், மில்லர்ஸ் சாலையில் அவருடைய படப்பிடிப்பு நிலையம் உருவானது.

அது முதல் உலகப் போர்க் காலம். 22 செப்டம்பர் 1914 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னையின் மீது குண்டு வீசியது. துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சற்றேறக்குறைய ஐந்து வாரங்களில், 28 அக்டோபர் 1914 விடியற்காலையில், அதே எம்டன் நம் பினாங்குத் துறைமுகத்திற்குள் நுழைந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் தாக்கி அழித்தது. துணிந்த ஆளை இன்றும் எம்டன் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். கடல்வழியே அஞ்சிக் கிடந்த அக்காலத்தில், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டிய படச்சுருளை நம்பி ஒரு தொழிலைத் தொடங்குவதற்கு உண்மையிலேயே எம்டன் மனம் வேண்டும்.

கீசகன் உருவான கதை

எந்தக் கதையை எடுப்பது? நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரிடம் யோசனை கேட்டார். மகாபாரதத்தின் விராட பருவத்திலுள்ள கீசகன் கதையை அவர் பரிந்துரைத்தார். முதல் முயற்சிக்கு இப்படியொரு கதையா என்று உறவினர் சிலர் தயங்கினர். மக்கள் நன்கு அறிந்த கதை என்பதால் அதையே எடுக்கலாம் என்று பம்மல் அவரைத் தேற்றினார்.

கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். பாண்டவர்கள் பதின்மூன்றாம் ஆண்டில் தங்கள் அடையாளத்தை மறைத்துக்கொண்டு விராட மன்னனின் அரண்மனையில் வேலை செய்கிறார்கள். திரௌபதி அரசிக்குப் பணிப்பெண்; பீமன் சமையல்காரன். அரசியின் தம்பியும் படைத்தலைவனுமாகிய கீசகன் திரௌபதியைத் துன்புறுத்துகிறான். அவையில் முறையிட்டும் நீதி கிடைக்கவில்லை. கடைசியில், இருளில் நடன மண்டபத்திற்கு வரும் கீசகனைப் பீமன் கொல்கிறான். தெருக்கூத்திலும் இக்கதைக்குத் தனியிடம் உண்டு.

பேச்சே இல்லாத படத்திற்கு இது பொருத்தமான கதை என்று எனக்குத் தோன்றுகிறது. அதிகாரம் படைத்தவன் வேலைக்காரியைத் துரத்துகிறான், அவள் ஓடுகிறாள், அவை வாய்மூடி இருக்கிறது. இதை விளக்க ஒரு சொல்கூட வேண்டாம்.

கீசகனாக ராஜு முதலியாரும் திரௌபதியாக ஜீவரத்தினமும் நடித்தனர். நடிகர்களைப் பயிற்றுவிக்க உதவியவர் ரங்கவடிவேலு. வழக்கறிஞரான இவர் சுகுண விலாச சபையின் புகழ்பெற்ற நடிகர். பெண் வேடங்களில் பேர்பெற்றவர். ஆடை அணிகளுக்கும் காட்சி அமைப்புக்கும் ராஜா ரவிவர்மாவின் ஓவியங்கள் முன்மாதிரியாக இருந்தன. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு ஆகிய நான்கையும் முதலியாரே கவனித்துக்கொண்டார்.

மின்விளக்கு வசதியில்லை. சூரியனே விளக்கு. படப்பிடிப்புத் தளத்திற்கு மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியாக வெயிலை வடிகட்டி நடிகர்கள் மீது விழச் செய்தார்கள். நொடிக்கு 16 படங்கள் என்ற கணக்கில், கையால் சுற்றியே படம் பிடிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வாரங்களில் படப்பிடிப்பு முடிந்தது.

எடுத்த படச்சுருளைக் கழுவிப் பார்ப்பது அடுத்த சிக்கல். சென்னையின் வெப்பம் அதற்கு ஒத்துவராது என்று கருதிய முதலியார், குளிர்ச்சியான பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். நாராயணசாமி ஆச்சாரி என்பவர் அதன் பொறுப்பாளர். வாரம் முழுவதும் சென்னையில் படம் பிடிப்பது. வார இறுதியில் சுருள்களோடு பெங்களூருக்கு இரயில் ஏறுவது. கழுவிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை மீண்டும் சென்னைக்குத் திரும்புவது. இதுதான் அவருடைய வாழ்க்கை ஆனது. இன்று கைப்பேசியில் எடுத்த காணொளியை அடுத்த நொடியே பார்க்கிறோம். அவரோ எடுத்தது பதிந்திருக்கிறதா என்று அறியவே ஓர் இரவு இரயிலில் போக வேண்டியிருந்தது.

படத்தின் நீளம் 6,000 அடி. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள் அடங்கும். நொடிக்கு 16 படங்கள் என்றால், ஓர் அடி ஒரு நொடி. ஆகவே, 6,000 அடி என்பது 100 நிமிடம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான், அது ஏதோ துண்டுப் படம் அன்று, நாம் திரையரங்கில் உட்கார்ந்து பார்க்கும் முழுநீளப் படம் என்பது எனக்கு உறைத்தது.

காட்சிகளுக்கு இடையே கதையை விளக்கும் எழுத்து அட்டைகள் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்று மொழிகளில் இடம்பெற்றன. தமிழில் எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். இந்தியில் எழுதியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி. படத்தில் ஒலி இல்லை. ஆனால், தமிழ் இருந்தது.

மலாயாவுக்கு வந்த படம்

‘கீசக வதம்’ சென்னை எல்பின்ஸ்டன் திரையரங்கில் வெளியிடப்பட்டது. வெளிவந்த ஆண்டைச் சில நூல்கள் 1916 என்றும், சில 1917 என்றும், வேறு சில 1918 என்றும் குறிக்கின்றன. படம் கையில் இல்லாதபோது அதன் பிறந்தநாள்கூடக் கலங்கிவிடுகிறது.

செலவு 35,000 ரூபாய். அவரே விற்ற மகிழுந்தின் விலையில் கணக்கிட்டால் 35 மகிழுந்துகள். மிதிவண்டியில் கணக்கிட்டால் 1,400 மிதிவண்டிகள். வரவு 50,000 ரூபாய். ஆக, இலாபம் 15,000 ரூபாய். இந்த 50,000 ரூபாய் தமிழகத்தில் மட்டும் திரண்டதன்று. இந்தியாவின் பிற பகுதிகள், பர்மா, இலங்கை, கூட்டு மலாய் மாநிலங்கள், சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் படம் திரையிடப்பட்டது.

இந்த வரியைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கூட்டு மலாய் மாநிலங்கள் என்றால் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங். அதாவது, நம்மவர்கள் இரப்பர் மரம் சீவிய, இரயில் தண்டவாளம் போட்ட மண். இந்த நான்கில் பினாங்கு சேராது. அது அப்போது நீரிணைக் குடியேற்றப் பகுதியில் இருந்தது. ஆனால், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வரும் கப்பல்களுக்கு மலாயாவின் முதல் வாசல் பினாங்குதான். ஆட்களும் அரிசியும் துணிமணியும் சாமி படங்களும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன. தொழிலாளர்களை முதலில் ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்துவிட்டுத்தான் வெளியே விட்டார்கள். எதிர்க்கரையில் இருக்கும் பிறையிலிருந்து இரயில் ஏறினால் பேராக் தோட்டங்கள், அதற்கு அப்பால் சிலாங்கூர்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பு முடித்து, தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். இடைநிலைப்பள்ளியில் படித்த வரலாற்றுப் பாடநூலில் இந்தியர்களின் வருகை சில பத்திகளில் முடிந்துவிடும். இரப்பர் தோட்டத்திற்கு ஆள் தேவைப்பட்டது, ஆகவே, வந்தார்கள். அவ்வளவுதான். அவர்கள் மாலையில் என்ன செய்தார்கள், எதைப் பார்த்துச் சிரித்தார்கள், எந்தக் கதைக்குக் கண்கலங்கினார்கள் என்பதற்கு அந்தப் பத்திகளில் இடமில்லை. ‘கீசக வதம்’ இங்கு வந்தது என்ற ஒரே ஒரு செய்தி அந்த வெற்றிடத்தில் ஒரு சிறு விளக்கை ஏற்றுகிறது. சஞ்சிக்கூலிகள் என்று இகழப்பட்டவர்கள் உலகின் முதல் தமிழ்ப் படத்தின் பார்வையாளர்களாகவும் இருந்தார்கள். சீட்டுக்கு அவர்கள் கொடுத்த காசும் அந்த 50,000 ரூபாயில் கலந்திருக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கிறேன். தண்டலுக்கும் கிராணிக்கும் அஞ்சி வாழ்ந்த ஒரு தோட்டத்துப் பெண் அந்தத் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தால், அதிகாரமுள்ள ஒருவன் பணிப்பெண்ணைத் துரத்தும் அந்தக் காட்சி அவளுக்கு வெறும் புராணமாகத் தோன்றியிருக்குமா? கீசகன் விழும்போது அவள் மனம் என்ன சொல்லியிருக்கும்?

தீயில் முடிந்த பயணம்

முதல் வெற்றி தந்த ஊக்கத்தில் முதலியார் தொடர்ந்து படங்களை எடுத்தார். ‘திரௌபதி வஸ்திராபரணம்’, ‘லவகுசா’, ‘மயில் ராவணன்’ போன்றவை அவற்றுள் சில. எல்லாம் புராண, இதிகாசக் கதைகளே. குடும்பப் பெண்கள் நடிக்க முன்வராத காலமாதலால், இரண்டாவது படத்தில் திரௌபதியாக நடிக்க ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருவரை அவர் தேட வேண்டியிருந்தது.

பிறகு 1923-ஆம் ஆண்டு வந்தது. அவருடைய படப்பிடிப்பு நிலையம் தீப்பிடித்து அழிந்தது. அந்தத் தீயில் அவர் தம் மகனையும் பறிகொடுத்தார்.

அதற்குமேல் அவர் படம் எடுக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 38. இதைப் பற்றி அதிகம் எழுத என் பேனாவுக்குத் துணிவில்லை. நிலையத்தை மீண்டும் கட்டலாம். கருவியை மீண்டும் வாங்கலாம். மகனை எங்கே போய் வாங்குவது?

அதன் பின்னர் அவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்தார் என்பதுதான் என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி. 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்தபோது அவர் இருந்தார். பாகவதரும் சின்னப்பாவும் கொடிகட்டிப் பறந்தபோது இருந்தார். 1952-இல் ‘பராசக்தி’ வந்தபோது இருந்தார். 1967-இல், திரைக்கு வசனம் எழுதிய அறிஞர் அண்ணா தமிழகத்தின் முதலமைச்சரானபோதும் இருந்தார். தாம் வெள்ளைத் துணியின்கீழ் தொடங்கிய ஒன்று ஓர் அரசையே அமைக்கும் அளவுக்கு வளர்ந்ததைக் கண்ட பிறகே, 1970-களின் தொடக்கத்தில், எண்பத்தைந்து வயதைக் கடந்த நிலையில் அவர் மறைந்தார்.

ஏன் ஒன்றுகூட மிஞ்சவில்லை?

மகனைக் கொண்டுபோன தீயும் படங்களைக் கொண்டுபோன அழிவும் அக்காலத் திரைத்தொழிலின் இயல்போடு தொடர்புடையவை. அன்றைய படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. வெடிமருந்தாகப் பயன்படும் வெடிபஞ்சுக்கு இது நெருங்கிய உறவு. ஒருமுறை பற்றிக்கொண்டால் எரிவதற்குத் தேவையான உயிர்வாயுவை இதுவே வெளியிடும். நீரில் போட்டாலும் அணையாது. தீப்பிடிக்காவிட்டாலும் ஆபத்துதான். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் இது நாளடைவில் பிசுபிசுத்து, ஒட்டிக்கொண்டு, கடைசியில் பழுப்புநிறத் தூளாகிவிடும். சென்னைக்கும் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் வெப்பத்திலும் ஈரத்திலும் குறைவுண்டா? 1950-களின் தொடக்கத்தில்தான் இந்தவகைப் படச்சுருள் தயாரிப்பு நின்றது.

இயற்கையோடு மனிதனும் சேர்ந்துகொண்டான். ஓடி முடிந்த படத்திற்கு மதிப்பில்லை என்று கருதப்பட்டது. அதிலுள்ள வெள்ளிக்காகவே பல படங்கள் கழுவி எடுக்கப்பட்டன. பேசும்படம் வந்தபின் ஊமைப்படத்தை யார் சீண்டுவார்?

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த இழப்பன்று. அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை ஏறக்குறைய 11,000 முழுநீள ஊமைப்படங்கள் வெளிவந்தன. அவற்றில் 14 விழுக்காடு மட்டுமே வெளிவந்த வடிவிலேயே முழுமையாக எஞ்சியுள்ளதாக அந்நாட்டின் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் 1,300-க்கும் மேல். எஞ்சியவை முப்பதுகூட இல்லை. தென்னிந்திய முழுநீள ஊமைப்படங்களில் முழுமையாகக் கிடைத்திருப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. அதுவும் 1974-இல் திருவனந்தபுரத்தில் ஒரு புத்தக நிறுவனத்திடம் இருந்ததால் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கைக்குக் கிடைத்தது. அந்தக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964-இல்தான். ‘கீசக வதம்’ வெளிவந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு!

நம் பக்கத்திலும் இதே நிலைதான். 1930-களில் சிங்கப்பூரில் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் எடுத்த முதல் மலாய்ப் படமான ‘லைலா மஜ்னுன்’ இன்று இல்லை. ஆனால், பினாங்கு மண்ணின் மைந்தர் பி. ரம்லியின் படங்கள் இன்றும் தொலைக்காட்சியில் ஓடுகின்றன. அவர் பிறந்த வீடு பாதுகாக்கப்படுகிறது. என்னோடு படித்த மலாய் நண்பர்கள் அவருடைய வசனங்களைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். பாதுகாத்தால் ஒரு கலைஞன் பேரன் பேத்தி காலத்திலும் வாழ்வான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமக்கு எஞ்சியது

படங்கள் போய்விட்டன. அப்படியென்றால், நாம் நடராஜ முதலியாரைப் பற்றி இவ்வளவு அறிந்தது எப்படி? மிதிவண்டியின் விலை 25 ரூபாய் என்பதும், திங்கட்கிழமை அவர் பெங்களூரிலிருந்து திரும்புவார் என்பதும், வெள்ளைத் துணி கட்டியதும் நமக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒருவர் நினைவில் வைத்திருந்தார்; யாரோ ஒருவர் அதைக் கேட்டார்; யாரோ ஒருவர் எழுதி வைத்தார். படம் எரிந்த இடத்தில் சொல் நின்றது.

பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறைமேடைக்கு இப்போது உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. சரக்குக் கப்பல்களின் பெரும்பகுதி எதிர்க்கரையான பட்டர்வெர்த்துக்கு மாறிவிட்டது. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்களைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் நினைவைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை.

என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியதை அவர் இன்றும் சொல்வார். காற்றடித்தால் கதாநாயகனின் முகம் நெளியுமாம். துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு எல்லாரும் இடக்கைக்காரர்களாகத் தெரிவார்களாம். இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், பாட்டி சொல்வதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினேன். இதுவரை நான்கு பதிவுகள் ஆகியிருக்கின்றன. அவற்றைக் கேட்கும்போது பாட்டியின் குரலோடு பின்னால் சேவல் கூவுவதும் கேட்கிறது.

நம் கழகத்து நண்பர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். மூடப்பட்ட தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலரோ, திருவிழா நாடகத்தின் துண்டறிக்கையோ, பழைய புகைப்படமோ ஏதாவது ஓர் அலமாரியில் இருக்கும். கரையான் அரிப்பதற்கு முன் அதை ஒரு படி எடுங்கள். அது யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று பின்பக்கம் எழுதி வையுங்கள். நம் கழகம் ஆண்டுக்கு ஒருமுறை இவற்றைத் தொகுத்தால்கூடப் பத்தாண்டில் ஒரு சிறு காப்பகம் உருவாகிவிடும்.

பெரிய நிதியோ கட்டடமோ இதற்குத் தேவையில்லை. வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது, உண்டு முடித்த பின் அரைமணி நேரம் அவர்கள் அருகில் உட்கார்ந்தால் போதும். ஒவ்வொரு வார இறுதியிலும் சுருளைச் சுமந்துகொண்டு பெங்களூருக்குப் போன மனிதரின் உழைப்பைவிட இது மிக எளிதானது.